நீதவான் வீட்டுக் கதவு

கதவு என்று ஒன்றை வைத்தால் அது திறக்க வேண்டும். திறக்காததற்குக் கைபிடி எதற்கு? இந்த விஷயத்தில் எனக்கு இன்றுவரை சமாதானம் கிடையாது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோவில், பார்க்டேல் பகுதியில் குடியிருந்தேன். பகலில் கோப்பிக் கடை வேலை, மாலையில் கட்டட வரைபட வகுப்பு. (தொடங்கி ஆறு கிழமை, ஒன்றரை மாதம்தான்.) எனக்குக் கலியாணம் பேசிய அன்ரி, பக்கத்து நகரமான ஒஷாவாவில் ஒரு குடும்பத்திடம் போய், "பெடியன் ஆர்க்கிடெக்ட்" என்று சொல்லிவிட்டார். நானும் மறுக்கவில்லை.

பெண்ணின் தகப்பன் ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார். "ரொறன்ரோ ரவுணிலை ஒரு பழைய வீட்டை மியூசியமாக்கி வைச்சிருக்கினமாம். தம்பி அதை எங்களுக்கு விளக்கிக் காட்டட்டும், அங்கையே சந்திப்பம்" என்று சொல்லியனுப்பினார். பரீட்சைதான், வேறென்ன?

நூலகத்தில் குந்தியிருந்து அந்த வீட்டைப் பற்றிய புத்தகங்களைக் கரைத்துக் குடித்தேன். சனிக்கிழமை அங்கிளும் மகள் வதனியும் வந்தார்கள். ரொறன்ரோ, யோர்க் என்ற சிற்றூராக இருந்த காலத்தில் ஒரு நீதவான் கட்டிய செங்கல் வீடு.

"இங்கிலாந்திலை ஜோர்ஜ் எண்ட பேரிலை நாலு ராசாக்கள் ஒருத்தருக்குப் பின்னாலை ஒருத்தரா ஆண்டவை, அங்கிள். அவையின்ரை காலத்துப் பாணிதான் ஜோர்ஜியன். எல்லாம் சமச்சீர். நடுவிலை வாசல், இந்தப் பக்கம் ரெண்டு யன்னலெண்டால் அந்தப் பக்கமும் ரெண்டு."

அங்கிள் தலையாட்டினார். வதனி நிமிரவேயில்லை.

வரவேற்பறையில் கணப்படுப்பின் இருபுறமும் ஒரேமாதிரி இரண்டு கதவுகள். இடப்பக்கக் கதவால் உள்ளே வந்திருந்தோம்.

"மற்றக் கதவுக்குப் பின்னாலை என்ன, தம்பி?"

நான் படித்ததில் அது இல்லை. "சாப்பாட்டறை, அங்கிள்" என்று அடித்துவிட்டேன்.

"அப்ப பாப்பம்."

பிடியைத் திருகினேன். அசையவில்லை. "ஈரத்துக்கு மரம் இறுகிப் போச்சு."

"விடும் தம்பி, பூட்டியிருப்பினம்."

விடுவேனா? தோளைக் கொடுத்து ஒரு தள்ளு. காலை ஊன்றி ஒரு இழுவை. பித்தளைப் பிடி கையோடு வந்தது. நான் கம்பளத்தில் மல்லாக்க விழுந்தேன்.

வழிகாட்டிப் பெண்மணி ஓடி வந்தார். "அது கதவே இல்லை, ஐயா! பின்னால் வெறும் சுவர். அந்தப் பக்கம் ஒன்று இருப்பதால், சமச்சீருக்காக இந்தப் பக்கமும் ஒன்றைச் செய்து பொருத்தியிருக்கிறார்கள்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிடந்தபடியே ஆங்கிலத்தில் கத்தினேன்: "நீதவான் வீட்டிலேயே பொய்யா? ஆட்களை ஏமாற்ற ஒரு அளவில்லையா?"

வதனி அப்போதுதான் நிமிர்ந்தாள். வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அங்கிள் என்மேல் குனிந்தார்.

"தம்பி, நீர் உண்மையிலை ஆர்க்கிடெக்டோ?"

"இல்லை, அங்கிள். ஆறு கிழமை."

"பிடியைக் குடுத்திட்டு எழும்பும்."

சம்பந்தம் முடிந்தது என்றே நினைத்தேன். அடுத்த கிழமை அன்ரி போன் எடுத்தார். "பிள்ளைக்கு ஓமாம், சம்மதமாம். சுவரை இவ்வளவு நம்பிக்கையாத் தள்ளின ஆளை வேறை எங்கையும் தேடேலாதாம்."

அன்றிலிருந்து வதனியின் உறவுகளுக்கு நான் 'தள்ளின மாப்பிள்ளை'. போன வருடம் ஒரு கலியாணத்தில் மைக்கிலேயே அறிவித்தார்கள்: "தள்ளின மாப்பிள்ளை படமெடுக்க மேடைக்கு வரவும்." வந்த ஆத்திரத்தில் நாற்காலியை விட்டு நான் அசையவேயில்லை.

அந்தப் பெயர் யாருக்கென்று எல்லாருக்கும் தெரியும்; மண்டபமே திரும்பி என்னைப் பார்த்தது.