சர்வேயருக்குப் போட்ட சிம்மாசனம்

இன்ஷூரன்ஸ் என்பது கெட்டதைக் கற்பனை செய்யத் தெரிந்தவர்கள் பார்க்க வேண்டிய தொழில். ஒரு கடையைப் பார்த்ததும் அது எரிவது மனக்கண்ணில் தெரிய வேண்டும். லாரியைப் பார்த்ததும் அது கவிழ்வது தெரிய வேண்டும். எனக்கோ எதைப் பார்த்தாலும் கல்யாணக் கோலத்தில்தான் தெரியும். கடலூர் முதுநகரில் நான் ஏஜென்ட் ஆன புதிதில் மழை வந்தால் வெள்ளச் சேதம் நினைவுக்கு வராது, இந்த மழையில் ஜெசிந்தா என்ன செய்துகொண்டிருப்பாள் என்றுதான் தோன்றும். (பெரும்பாலும் ஒயர் சுற்றிக்கொண்டிருப்பாள் என்பது பிற்பாடு தெரிந்தது.)

ஜெசிந்தா, அந்தோணி மாமாவின் ஒரே மகள். மாமா எந்த வழியில் எங்களுக்கு உறவு என்று யாரும் சரியாகக் கணக்குப் போட்டதில்லை. மாமா முறை வருகிறது என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது. சேத்தியாத்தோப்பில் அவருக்குப் பந்தல், சவுண்ட் சர்வீஸ் கடை. சுற்றுவட்டாரத்தில் எந்தக் கல்யாணமானாலும் மாப்பிள்ளையும் பொண்ணும் உட்காருகிற சிவப்பு வெல்வெட் சிம்மாசனம் அவருடைய குடோனிலிருந்துதான் போகும். சீரியல் லைட்டும் சவுண்ட் பாக்ஸும் ஜெசிந்தாவின் பொறுப்பு.

என் முதல் பாலிசியை மாமாவிடம் விற்கப் போனேன். பயிற்சி வகுப்பில் கற்றுக்கொண்டதை எல்லாம் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். இரண்டு பக்கமும் ஒளிவுமறைவு கூடாது. பொருள் போனால் யாருக்கு நஷ்டமோ அவர்தான் இன்ஷூரன்ஸ் எடுக்க முடியும். போனதை ஈடு கட்டுவார்கள், அதற்கு மேல் லாபம் கிடைக்காது.

"லாபம் கெடைக்காதா? அப்ப எனக்கு இதுல என்னாதான் தம்பி இருக்குது?" என்றார் மாமா.

நியாயமான கேள்வி. அந்த நேரத்தில் ஜெசிந்தா ஏணி மேல் நின்று சீரியல் லைட்டைச் சோதித்துக்கொண்டிருந்தாள். பச்சையும் மஞ்சளுமாக வெளிச்சம் அவள் முகத்தில் மாறி மாறி விழுந்துகொண்டிருந்தது. எனக்குப் பதில் மறந்துவிட்டது.

"நிம்மதி இருக்குது மாமா" என்றேன், ஏணியைப் பார்த்தபடி.

என் பரிதாப நிலையைப் பார்த்தோ என்னவோ, மாமா பாலிசி எடுத்தார். அடுத்த ஐப்பசியில் வெள்ளாற்றில் தண்ணீர் வந்தது. குடோனுக்குள் இடுப்பளவு நின்று, சாவகாசமாக வடிந்தது.

மாமாவின் முதல் போன் எனக்குத்தான். "தம்பி, நீ குடுத்தது தீ பாலிசி. வந்திருக்கறது தண்ணி. நான் இப்ப என்னா பண்ணட்டும்?"

பேர்தான் தீ, புயலும் வெள்ளமும் அதிலேயே சேர்த்தி என்று விளக்கினேன். பேரில் தீயை வைத்துக்கொண்டு உள்ளே தண்ணீரை வைத்திருக்கிற காகிதத்தை அவர் கடைசி வரை முழுதாக நம்பவில்லை. இதற்கிடையில் என் அப்பா ஜெசிந்தாவைப் பெண் கேட்டுப் போயிருந்தார். "மொதல்ல இந்த க்ளெய்ம் வருதான்னு பாப்போம். பையன் குடுத்த வார்த்தை எப்பிடின்னு தெரிஞ்சிக்கிட்டு மத்ததைப் பேசலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார் மாமா. தை முகூர்த்தத்துக்குள் பொருள்களை வாங்கிப் போடாவிட்டால் அந்த வருஷம் அவர் கடை படுத்துவிடும். என் கல்யாணமும் கூடவே படுத்துவிடும். உலகத்தில் எந்த ஏஜென்ட்டும் ஒரு க்ளெய்முக்காக அவ்வளவு ஜெபம் செய்திருக்க மாட்டான்.

சர்வேயர் வரும் தேதி தெரிந்ததும் போன் செய்தேன். சேதத்தை நேரில் பார்த்து மதிப்பிடுகிறவர் அவர்தான். வகுப்பில் எங்களுக்கு மண்டையில் அடித்துச் சொல்லிக்கொடுத்தது ஒன்று உண்டு. சர்வேயர் வந்து பார்க்கும்வரை சேதமானதைக் கழுவாதே, மாற்றாதே, இருந்தபடி வை. அந்த ஒரு வரியைச் சொல்லத்தான் போன் செய்தேன்.

போனை எடுத்தவள் ஜெசிந்தா.

"நாளைக்கு சாயங்காலம் சர்வேயர் வர்றாரு" என்றேன். "பெரிய ஆபீசரா?" என்றாள். "அவரு கையிலதான் எல்லாமே இருக்குது" என்றேன். "சரி, அப்பாகிட்ட சொல்லிடறேன். அங்க மழையா?" என்றாள். இங்கே தூறல் என்றேன். அங்கே வெயிலடிக்குது, கொக்கெல்லாம் வயலுக்கு வந்துடுச்சி என்றாள். தூறலைப் பற்றியும் கொக்கைப் பற்றியும் வெகுநேரம் பேசினோம். போனை வைத்தபோது மனம் நிறைந்திருந்தது. சொல்ல வேண்டிய வரி மட்டும் உள்ளேயே இருந்தது.

மறுநாள் சிதம்பரத்திலிருந்து சர்வேயரை என் வண்டியில் ஏற்றிக்கொண்டேன். அவர் வண்டியிலும் தண்ணீர் புகுந்திருந்தது. (அதற்கு இன்ஷூரன்ஸ் இருந்ததா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.) நல்ல ஆகிருதி, அமைதியான மனிதர். அவர் ஏறியதும் வண்டியின் முன்சக்கரம் லேசாக வானத்தைப் பார்த்தது. இரண்டு பக்கமும் வயல்கள் தண்ணீரில் கிடந்தன, அந்தத் தண்ணீருக்குள் மேகங்கள் போய்க்கொண்டிருந்தன. சாலை எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. நான் வண்டி ஓட்டவில்லை, மிதந்துகொண்டிருந்தேன். மனதுக்குள் க்ளெய்ம் வந்துவிட்டது, கோயிலில் எங்கள் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்துவிட்டார்கள், மணி அடிக்கிறது.

கீரப்பாளையம் தாண்டும்போது பின்னாலிருந்து சர்வேயர் கேட்டார். "எதையும் தொடாம அப்படியே வெச்சிருக்காங்கல்ல தம்பி?"

மேகங்கள் எல்லாம் நின்றுவிட்டன.

"வெச்சிருப்பாங்க சார்" என்றேன்.

தெருமுனை திரும்பியதும் முதலில் தெரிந்தது வாழைமரம். இரண்டு பக்கமும் குலையோடு நின்றது. அதற்குப் பின்னால் அலங்கார வளைவு, அதில் 'நல்வரவு'. மேகமூட்டமான சாயங்காலத்தில் குடோன் முழுக்க சீரியல் லைட் ஓடியது. வாசலில் வடியாமல் நின்ற தண்ணீரில் அத்தனை விளக்கும் தலைகீழாக ஆடிக்கொண்டிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு அழகான காட்சியை நான் அதுவரை பார்த்ததில்லை. ஒரு நொடி, நிஜமாகவே எங்கள் கல்யாணத்துக்குத்தான் வந்துவிட்டேனோ என்று நினைத்தேன்.

பெரிய மனிதர் வருகிறார் என்றால் பந்தல் கடைக்காரர்கள் வேறு என்ன செய்வார்கள்? பல வருஷமாக அவர்களுக்குக் கை பழகிய வேலை அதுதான். குடும்பமே ராத்திரி பகலாகக் கழுவியிருக்கிறது. சேறு இல்லை, நாற்றம் இல்லை, சுவரில் தண்ணீர் நின்ற கறைகூட இல்லை. சுவர் முழுக்க ஜரிகைத் துணி கட்டியிருந்தார்கள்.

சவுண்ட் பாக்ஸ் கரகரத்தது. "எங்கள் அழைப்பை ஏற்று வருகை தந்திருக்கும் சர்வேயர் ஐயா அவர்களை வருக வருக என வரவேற்கிறோம்." ஜெசிந்தாவின் குரல். தண்ணீரில் மூழ்கி அடியோடு போய்விட்டது என்று நான் எழுதிக்கொடுத்திருந்த அதே சவுண்ட் பாக்ஸ். ஹேர் டிரையரை வைத்து உட்கார்ந்து உட்கார்ந்து காயவைத்திருக்கிறாள். குரல் துல்லியமாக இருந்தது. துல்லியம் கொஞ்சம் குறைவாக இருந்திருக்கலாம்.

மாமா ஆளுயர மாலையைச் சர்வேயருக்குப் போட்டார்.

"சேதம் எங்கங்க?" என்றார் சர்வேயர், மாலைக்குள்ளிருந்து.

"அதெல்லாம் நாங்க சரி பண்ணிட்டம் சார். நீங்க வர்றப்ப குப்பையாவா வெச்சிருப்போம்?" என்றார் மாமா பெருமையாக.

சர்வேயர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, உங்களுக்கு டிரெயினிங் குடுத்தாங்களா?"

கொடுத்தார்கள் என்று தலையாட்டினேன். பூமி பிளக்கவில்லை. வெள்ளாறும் சரியாக அன்றைக்குப் பார்த்து வடிந்து கிடந்தது.

நிலைமையை மாமாவிடம் காதோடு சொன்னேன். அவர் முகம் விழுந்தது. பிறகு என்னை ஓரமாக இழுத்துப்போனார். "வேணும்னா திரும்ப சேத்துத் தண்ணி ஊத்திடலாமா? பின்னாடி வாய்க்கால்ல ஜாஸ்தியா கெடக்குது."

"மோசடி மாமா அது."

"அதே தண்ணிதானடா."

ஒளிவுமறைவு கூடாது என்று அவருக்கே நான் பாடம் எடுத்ததை நினைவுபடுத்தினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் என் பெயர் மாப்பிள்ளைப் பட்டியலிலிருந்து அடிபட்டது கண்கூடாகத் தெரிந்தது.

உள்ளதை உள்ளபடி நானே சர்வேயரிடம் சொன்னேன். யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை சார், தொடாதீங்க என்று சொல்ல வேண்டியவன் நான், கொக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்துவிட்டேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. பெருமூச்சு விட்டார். "கண்ணால பாக்காததை நான் எப்படிப்பா எழுதறது?" என்றபடி, மேடையில் அவருக்காகப் போட்டிருந்த சிம்மாசனத்தில் எழுதுவதற்கு உட்கார்ந்தார்.

அவர் விழுந்தார் என்று எங்கள் வீட்டில் சொல்வது தவறு. அவர் இறங்கினார். நிதானமாக, சூரியன் மறைவது போல, வெல்வெட்டுக்குள் இறங்கிக்கொண்டே போனார். முதலில் இடுப்பு, பிறகு மாலை. இரண்டு கைப்பிடியிலும் இருந்த தங்கநிறச் சிங்கங்கள் அவரை நோக்கித் தலை சாய்த்தன. கடைசியில் முழங்கால்களும் முகமும் மட்டும் தெரிந்தன. எங்கேயோ பிளைவுட் முனகியது. நுரைமெத்தைக்குள் அத்தனை நாளும் ஒளிந்திருந்த வெள்ளாறு, பழுப்பாக அவருடைய பேண்ட் வழியாக வெளியே வந்தது.

சீரியல் லைட் மட்டும் பச்சை, மஞ்சள், பச்சை என்று ஓடிக்கொண்டிருந்தது.

சர்வேயர் குனிந்து அந்தத் தண்ணீரைத் தொட்டார். முகர்ந்து பார்த்தார். "வெள்ளத் தண்ணிதான்" என்றார்.

மாமாவுக்கு இன்னும் பயம் தெளியவில்லை. "சார், இது வெள்ளத்துல போனதுன்னு எழுதுவீங்களா, இல்ல நீங்க ஒக்காந்ததால போனதுன்னா?"

என் வாழ்க்கையில் வகுப்பில் படித்தது ஒன்று சரியான நேரத்தில் நினைவுக்கு வந்தது அப்போதுதான். "கடைசியா நடந்தது காரணம் இல்ல மாமா, எதுல ஆரம்பிச்சி இது வந்துதோ அதுதான் காரணம். நாற்காலின்னா ஒக்காரத்தான் செய்வாங்க. அதை ஊற வெச்சது வெள்ளம்" என்றேன்.

சர்வேயர் சிம்மாசனத்துக்குள்ளிருந்து என்னைக் கனிவாகப் பார்த்தார். "கையக் குடுங்க தம்பி, மொதல்ல" என்றார். மாமா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக இழுத்து வெளியே எடுத்தோம்.

அதன் பிறகு அவர் ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பார்த்தார். மேடைப் பலகை, மெத்தை, கார்ப்பெட் எல்லாம் வெளியே மினுமினுப்பு, உள்ளே ஈரம். எழுதிக்கொண்டார். சவுண்ட் பாக்ஸை மட்டும் எழுதவில்லை. "என்னையே வரவேத்திருக்குதும்மா, இதை எப்படிப் போச்சுன்னு எழுதுவேன்?" என்றார் ஜெசிந்தாவிடம். (அடுத்த வாரம் ஒரு காதுகுத்தில் பாதிப் பாட்டில் அது உயிரை விட்டது. அந்த நஷ்டத்தை மாமா இன்றுவரை என் கணக்கில்தான் வைத்திருக்கிறார்.)

அவரைக் கொண்டுபோய் விடுவதற்காக வண்டியை எடுக்கும்போது ஜெசிந்தா பக்கத்தில் வந்தாள். "பொருள் போனா யாருக்கு நஷ்டமோ அவுங்கதான் கவலப்படணும்னு நீதானே சொன்ன. இந்தக் கட போனா உனக்கு என்னா நஷ்டம்? மூஞ்சில ரத்தமே இல்லாம நின்ன."

"நீ போயிடுவியேன்னுதான்" என்றேன். முன்கூட்டி யோசிக்காமல் நான் சொன்ன ஒரே நல்ல பதில் அது. அவள் போய் சீரியல் லைட்டை அணைத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, திரும்பப் போட்டாள்.

க்ளெய்ம் வந்தது. மாமா அப்பாவுக்குப் போன் செய்து, "பையன் கொஞ்சம் மந்தம்தான். ஆனா பொய் சொல்லத் தெரியல" என்றாராம். எங்கள் வரவேற்பில் புதிய சிம்மாசனம் போட்டார். நான் உட்காரும் முன்னால் அத்தனை உறவினர் முன்னிலையிலும் அதை இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்துவிட்டு, "ஒக்காருங்க மாப்ள" என்றார். அவர் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. சர்வேயரும் வந்திருந்தார். எவ்வளவு கெஞ்சியும் சாப்பாட்டுப் பந்தி உட்பட எங்கேயும் அவர் உட்காரவில்லை.

இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் வீட்டைக் கூட்டச் சொல்லி ஜெசிந்தா துடைப்பத்தை என் கையில் கொடுப்பாள். நான் ஜன்னல் பக்கம் போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவேன். கொஞ்ச நேரம் பார்ப்பாள், பிறகு துடைப்பத்தை வாங்கிக்கொண்டு பிள்ளைகளிடம் சொல்வாள்.

"விடுங்கடா, அப்பா சர்வேயர் வர்றாருன்னு அப்பிடியே வெச்சிருக்குது."