நீல ஸ்வெட்டர் நல்லா இருந்துச்சு

"உங்க பொண்ணு போட்டிருந்த நீல ஸ்வெட்டர் நல்லா இருந்துச்சு. மூணாம் நம்பர் பஸ்லதானே ஸ்கூலுக்குப் போறா?"

பூட்டுக்காரரின் கைப்பேசியில் அந்தச் செய்தி வந்து விழுந்தபோது, அவர் ஒரு வாடிக்கையாளரைக் கடிந்துகொண்டிருந்தார். "சாவியை போட்டோ எடுத்து அனுப்பாதீங்க சார். அந்தப் படம் போதும், எவன் வேணா டூப்ளிகேட் போட்டுடுவான்."

அனுப்பியவருக்குப் பெயர் இல்லை, முகமும் இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பூனை உட்கார்ந்திருந்தது.

கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு வீட்டுக்கு ஓடினார். வீட்டுப்பாடத்தில் இருந்த மகளின் போனைப் பிடுங்கினார்.

"யார்டி அவன்?"

"எவன்ப்பா?"

"ஆன்லைன்ல யார்கிட்ட பேசுற? யாருக்கு போட்டோ அனுப்பின?"

"நான் எதுலயும் போட்டோ போடுறதில்லப்பா. நீங்கதான்..."

"குறுக்கப் பேசாத!"

கேட்ட கேள்விக்குத்தான் அவள் பதில் சொன்னாள். அந்த வீட்டில் பதில் சொல்வதும் குறுக்கே பேசுவதும் ஒன்றுதான்.

அடுத்து வைஃபை. பாஸ்வேர்டை எவனாலும் உடைக்க முடியாதபடி நீளமாக மாற்றினார். சாப்பிட்டு வந்து பார்த்தால் அவருக்கே மறந்துவிட்டது.

"ஊரார் பூட்டையெல்லாம் திறக்குறீங்களே," என்றாள் மனைவி. "இதையும் கம்பியை விட்டு நெம்பிப் பாருங்க."

"சிரிக்காத. போனைப் புடுங்கினதும் மெசேஜ் நின்னுடுச்சு பாத்தியா? கோளாறு இவ போன்லதான்."

"போன் உள்ள இருக்கு. அவன் வெளியிலதானே இருக்கான்?"

அது அவரை உலுக்கிவிட்டது. மகள் தனியாக பஸ்ஸுக்கு நிற்கும் காட்சி கண் முன் வந்தது. உடனே பெற்றோர் குழுவில் எழுதினார்: 'இவள்தான் என் மகள். இந்தப் பள்ளி, இந்த வகுப்பு, பேக்கரி எதிரே பஸ் ஏறுவாள். யாராவது இவளைப் பற்றி விசாரித்தால் கீழே உள்ள என் போன் நம்பரில் சொல்லவும்.' நல்ல தெளிவான படமாகத் தேடி இணைத்தார்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "நம்ம வீட்டுச் சாவியையும் சேர்த்து அனுப்பியிருக்கலாம்."

பொழுது விடிவதற்குள் அது குழு குழுவாகப் பயணம் போனது. போகிற வழியில் வரிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. மிஞ்சியது படமும் போன் நம்பரும். மொட்டையாக இருக்கிறதே என்று யாரோ ஒரு புண்ணியவான் மேலே 'காணவில்லை' என்று சேர்த்துவிட்டார்.

காலையில் பேக்கரிக்கார அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இதோ, கிடைச்சிட்டா!"

"நான் காணாமப் போகல ஆன்ட்டி. ஸ்கூலுக்குப் போறேன்."

"பாவம், பயத்துல உளறுது பாருங்க."

ஒருவர் தண்ணீர் கொடுத்தார். நாலு பேர் வீடியோ எடுத்தார்கள். பஸ் வந்தது, போனது. எல்லோருமாக அவளைக் காவல் நிலையத்தில் கொண்டுபோய் ஒப்படைத்தார்கள்.

பூட்டுக்காரர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது, பெண் இன்ஸ்பெக்டர் ஆன்லைனில் அவர் படம் போடும் பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஸ்வெட்டர் படம் போட்டது யாரு?"

"நான்தான் மேடம்."

"பஸ் நம்பர் தெரியுற மாதிரி?"

"அது... முதல் நாள் தனியா போனா. ஆசையா எடுத்தேன்."

"காய்ச்சல்ல படுத்திருந்தது, பல்லு விழுந்தது, பரீட்சையில அழுதது. அவனுக்கு வேலையே வைக்கலையே நீங்க! முதல்ல எல்லாத்தையும் எடுங்க."

பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்தார். ஊரே லைக் போட்ட படங்கள். பாதிக்கு மேல் அவள் கையால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தாள். கீழே அவரே எழுதியிருந்தார்: 'என் செல்லத்துக்கு வெட்கம்.' அதற்கு வெட்கம் என்று பெயர் வைத்தது தான்தான் என்பது இப்போதுதான் உறைத்தது. கடைசிப் படமும் போனது.

"இப்ப புகார் எழுதுங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "அந்த ஆளைப் பிடிச்சுடலாம்."

பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த மகள் எழுந்தாள்.

"தேட வேணாம் மேடம், அது நான்தான். படம் போடாதீங்கப்பான்னு மகளா எத்தனையோ தடவை கெஞ்சினேன், காதுல விழல. யாரோ ஒருத்தனா ஒரே ஒரு தடவை பேசினேன், அத்தனையும் அழிச்சிட்டாரு."