யானைக்குக் காது வெட்டியவர்

யானையின் இடது காது வலது காதைவிட இரண்டு விரற்கடை நீளமாக இருந்தது. சலூன்காரரால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார முடியவில்லை.

மலை மேல் இருந்த அந்தப் பழைய ஊரில் பார்க்க எவ்வளவோ உண்டு. கல் வீடுகள், மணிக்கூண்டு, படிப்படியாக இறங்கும் ரோஜாத் தோட்டங்கள். இவர் கண் மட்டும் மாளிகைத் தோட்டத்தில் புதர்ச்செடியை யானையாக வெட்டி நிறுத்தியிருந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டது.

பதினோரு வருடத்தில் முதல் முறையாகக் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார்கள். இவருக்கு சலூன், பக்கத்துக் கடையில் மனைவிக்குத் தையல். பஸ் ஏறும்போதே அவள் கறாராகச் சொல்லிவிட்டாள்.

“ரெண்டு நாளைக்கு நீங்களும் கத்தரியத் தொடக்கூடாது, நானும் ஊசியத் தொடக்கூடாது. தொட்டீங்கன்னு தெரிஞ்சுது, அடுத்த பஸ்ல திரும்பிடுவேன்.”

“சத்தியமா தொட மாட்டேன்மா!”

சத்தியம் செய்யும்போதும் கத்தரிக்கோல் சட்டை உள்பையில்தான் இருந்தது. அது இல்லாமல் வாசல் தாண்டினால் அவருக்குச் செருப்பை மறந்த மாதிரி இருக்கும்.

இப்போது மனைவி மாளிகையைச் சுற்றிப் பார்க்க உள்ளே போயிருந்தாள். மூட்டுவலி என்று சொல்லி இவர் வெளியே தங்கிவிட்டார். அக்கம்பக்கம் பார்த்தார். ஒரே ஒரு வெட்டு.

உடனே வலது காது பெரிதாகத் தெரிந்தது. அதையும் வெட்டினார். மறுபடி இடது. ஐந்தே நிமிடத்தில் இரண்டு காதையும் காணோம். காதில்லாத முகத்துக்கு அத்தனை நீளத் தும்பிக்கை எடுப்பாக இல்லை என்று அதையும் குறைத்தார்.

அந்தப் பக்கம் வந்த ஒரு பெண் கணவனைக் கூப்பிட்டாள்.

“இங்க பாருங்க, பன்னி எவ்வளவு அழகா இருக்கு! ஒரு போட்டோ எடுங்க.”

சலூன்காரருக்கு வியர்த்துக் கொட்டியது. அவர்கள் நகர்ந்ததும், மொத்தமாக உருண்டையாக்கிவிட்டால் யாருக்கும் சந்தேகம் வராது என்று முதுகில் கை வைத்தார். உருண்டை வரவில்லை. ஒரு பக்கம் வழுக்கை விழுந்ததுதான் மிச்சம்.

“சார், யானை எங்க?”

தோட்டக்காரர் பூவாளியோடு நின்றுகொண்டிருந்தார்.

“காதோரம் லேசா... சமமா இல்லைன்னு...”

“அதுக்கு?”

“ஐயா, என்ன தண்டனை வேணா குடுங்க. என் வீட்டுக்காரிக்கு மட்டும் தெரிய வேணாம். பதினோரு வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் ரெண்டு பேரும் சிரிச்சுப் பேசிக்கிட்டு நடந்தோம்.”

காலையில் பனிமூட்டத்தில் அவள் தானாக வந்து கையைப் பிடித்துக்கொண்டது நிஜமாகவே நன்றாக இருந்தது.

தோட்டக்காரர் மனம் இளகிவிட்டது.

“சரி விடுங்க, ஆடு மேஞ்சிடுச்சுன்னு சொல்லிக்கறேன். நாலு மழை பேஞ்சா தழைஞ்சிடும். மொதல்ல அந்தக் கத்தரிய உள்ள வைங்க.”

கத்தரியை உள்ளே வைத்து, நிம்மதியாக மூச்சு விட்டார் சலூன்காரர். அதற்குள் மாளிகைக் காவலாளி தலைதெறிக்க ஓடி வந்தார்.

“மூட்டுவலின்னு வெளிய உக்காந்திருக்கறவர் நீங்கதானே?”

“ஆமா, ஏன்?”

“உள்ள ராணியோட கட்டில் திரையைப் பிரிச்சுப் போட்டுத் தச்சுக்கிட்டிருக்காங்களே ஒரு அம்மா, நூல் வெட்டணுமாம், உங்க சட்டை உள்பையில இருக்கற கத்தரிய வாங்கிட்டு வரச் சொன்னாங்க!”