ஆறரை மணி நேரத்தில் மங்கோலியா

ஒரு காட்டில் சபேசன் என்றொரு பெருச்சாளி ஆகாயப் போக்குவரத்து அதிகாரியாக இருந்தார். ஏரிக்கரையில் இருந்த தன் வளையை விட்டு நாலடி தள்ளிப் போனதில்லை. வானத்தை அண்ணாந்து பார்த்தால் தலை சுற்றும். ஆனால் சுற்றுலா வந்த யாரோ தொலைத்த செல்போன் அவரிடம் இருந்தது. அந்தத் தகுதி போதும் என்று சிங்கராஜா முடிவு செய்துவிட்டார்.

காடு திருநெல்வேலிப் பக்கம். அந்த ஏரிக்கு வருஷாவருஷம் மங்கோலியாவிலிருந்து வரித்தலை வாத்துகள் வரும். பங்குனியில் திரும்பிப் போய் அங்கே முட்டையிடும். அந்த வருஷம் புதுச் சட்டம் வந்தது. பயண நேரத்தை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் பறக்க வேண்டும்.

பூங்காவனம் என்ற வாத்து மூன்று நாள் வரிசையில் நின்று, ‘போக இரண்டு மாதம்’ என்று எழுதி நீட்டினாள்.

சபேசன் போனைத் தட்டினார். “திருநெல்வேலி டூ உலான்பாத்தர். நேர்கோட்டுல ஐயாயிரத்து நூத்தம்பது கிலோமீட்டர். ஆறரை மணி நேரம். உனக்கு எதுக்கும்மா ரெண்டு மாசம்?”

“அது விமானத்துக்கு சார். நாங்க அங்கங்க இறங்கி மேயணும். நடுவுல இமயமலை வேற இருக்கு.”

“எங்க இருக்கு? இதுல ஒரு கோடுதான இருக்கு!”

அடித்துத் திருத்தி முத்திரை குத்தினார். முட்டையிடும் காலம் நெருங்கியதால் பூங்காவனம் வாதாடவில்லை. கணவன் செண்பகராமனோடு கிளம்பிவிட்டாள். கொழுந்தன் ஆவுடையப்பனும் கூடவே கிளம்பினான். ஏரிக்கரை தாண்டியதும் இறக்கை வலிக்கிறது என்று கோரைப்புல்லுக்குள் இறங்கிவிட்டான்.

ஐப்பசியில் பூங்காவனம் திரும்பி வந்தாள். பின்னால் இரண்டு குஞ்சுகள். செண்பகராமன் இல்லை.

அவள் எப்போதும் தங்கும் இடத்தில் ஆவுடையப்பன் சாய்ந்திருந்தான். கழுத்தில் ‘அதிவேகப் பறவை’ பதக்கம். பங்குனியிலேயே கோரையை விட்டு வெளியே வந்து, ‘போக ஆறரை, வர ஆறரை’ என்று எழுதிக் கொடுத்திருந்தான். போனோடு அச்சாகப் பொருந்தியதில் சபேசனுக்குக் கண் கலங்கிவிட்டதாம்.

“உன் இடத்தை ரத்து பண்ணியாச்சு,” என்றார் சபேசன். “பதிமூணு மணி நேர வேலைக்கு ஏழு மாசமா ஊர் சுத்தியிருக்க.”

“மலை மேல பனிப்புயல் சார். அவரைப் பறிகொடுத்துட்டு வந்திருக்கேன்.”

“அதுக்கு வேற படிவம்.”

“அண்ணன் எப்பவுமே மெதுவாத்தான் பறப்பான், மதினி,” என்றான் ஆவுடையப்பன். பிறகு குஞ்சுகளைப் பார்த்து, “நாளையிலேருந்து நம்ம வகுப்புக்கு வந்துருங்க. இமயமலையைக் கடக்கிற முறை சொல்லித் தர்றேன்,” என்றான்.

பூங்காவனம் அவனை ஒருமுறை பார்த்தாள். குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு எருமைகள் புரளும் குட்டைக்குப் போய்விட்டாள். அங்கே படிவம் கிடையாது. தண்ணீரும் முழங்கால் அளவுதான்.

ஏரியில் வகுப்புக்கு நல்ல கூட்டம். முன்வரிசையில் சபேசன் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

நீதி: தூரதேசம் போகிறவனுக்கு இறக்கை வீண்சுமை. போகாதவனுக்குப் பேனா ஒன்றே போதும்.