சந்தனம் குங்குமம் வைத்த மினி பி.சி.

கடைக்காரர் ஒருவர் நம் முகத்தைப் பார்த்து, "தெரிஞ்சுதானே கேக்கறீங்க?" என்று கேட்டால், "இல்லைங்க, தெரியாது" என்று பதில் சொன்ன ஆண்மகனை நான் இதுவரை சந்தித்ததில்லை. அப்படி ஒருவர் இருந்தால் அவர் வீட்டில் நிம்மதி நிலவும். என் வீட்டில் நிலவுவது வேறு.

என் மனைவி தேன்மொழி ஒன்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தாள். அந்த வேலையை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தே ஆன்லைனில் பாடம் எடுப்பது என்று ஒரு நாள் முடிவு செய்தாள். துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் சொந்தக்காரர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று ஆறு பிள்ளைகள் கிடைத்தார்கள். முதல் வகுப்பைப் பெற்றோரும் கூட உட்கார்ந்து பார்ப்பார்கள். பிடித்தால் தொடர்வார்கள், இல்லாவிட்டால் அன்றோடு சரி. விஜயதசமி காலை பத்தே முக்காலுக்கு வகுப்பு. சனிக்கிழமை என்பதால் பத்தரை வரை ராகு காலம், அதற்கு மேல் கால் மணி நேரம் பாதுகாப்புக்காக (இது என் மாமியார் போட்ட கணக்கு, அந்தக் குடும்பத்தில் எல்லாருக்கும் கணக்கு வரும்).

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டுப் பக்கம் எங்கள் ஃப்ளாட். ஒரே ஒரு படுக்கையறை. பாடம் எடுக்கக் கிடைத்த இடம் ஃப்ரிட்ஜுக்கும் படுக்கையறைக் கதவுக்கும் நடுவே நாலடி. அங்கே எங்கள் பழைய கம்ப்யூட்டர் குடியிருந்தது. மாவரைக்கும் கிரைண்டரைப் போல சத்தம் போடும். அதை அங்கிருந்து அகற்றினால்தான் வெள்ளைப் பலகை மாட்ட முடியும் என்ற நிலைமை.

"சின்னதா ஒண்ணு பாருங்க. சத்தம் வரக்கூடாது. என் பேனா டேப்லெட்ட மாட்டி எழுதணும். அவ்வளவுதான்" என்றாள் தேன்மொழி. பள்ளிக்கூடத்து லேப்டாப்பை அவள் ஏற்கெனவே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

'அவ்வளவுதான்' என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. நான் எதையும் அப்படி லேசாக எடுத்துக்கொள்கிறவன் இல்லை. இரண்டு மாதம் ஆராய்ச்சி செய்தேன். சாப்பிடும்போது, பஸ்ஸில், ஆபீஸில் என்று மினி பி.சி. வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். எத்தனை யு.எஸ்.பி., எத்தனை மானிட்டர், விசிறிச் சத்தம் எவ்வளவு, மானிட்டர் முதுகில் மாட்ட எத்தனை திருகாணி என்று ஒரு பட்டியலே போட்டேன். (என் உத்தியோகம் ஒரு விதைக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். உள்ளே வருகிற ஒவ்வொரு பெட்டியையும் பிரித்து, லிஸ்டோடு சரிபார்த்து, கையெழுத்துப் போடுவதுதான் வேலை. இதை இங்கே சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் தேன்மொழி இதைப் படிப்பாள்.)

கடைசியில் ஒரு மாடல் சிக்கியது. கனமான நோட்டுப் புத்தகம் அளவு, கறுப்பு, அடக்கமான தோற்றம். ஒரே மாடல், ஒரே படம், ஆனால் இரண்டு விலை. குறைந்த விலைக்குப் பக்கத்தில் 'பேர்போன்' என்று போட்டிருந்தது. கல்யாணப் பத்திரிகையில் 'ஆடம்பரம் தவிர்த்து' என்று போடுவார்களே, அந்த மாதிரி ஏதோ ஒன்று என்று நான் புரிந்துகொண்டேன். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று தேடிப் பார்க்க அரை நிமிஷம் ஆகியிருக்கும். இரண்டு மாதத்தில் அந்த அரை நிமிஷம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் திருச்சியில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடைக்காரர் பெயர் செல்வம். பொறுமையான மனிதர்.

"பேர்போனா சார்? தெரிஞ்சுதானே கேக்கறீங்க?"

"தெரியாமயா வருவேன்?"

"அப்ப ராம் என்ன போடலாம் சார்? எஸ்.எஸ்.டி.?"

சட்டை வாங்கப் போனால் பனியன், ஜட்டி, கைக்குட்டை என்று வரிசையாக எடுத்துப் போடுவார்களே, இவரும் அந்த ரகம் என்று எனக்குத் தோன்றிவிட்டது. நான் ஏமாறுகிற ஆள் இல்லை என்பதைக் காட்ட லேசாகச் சிரித்தேன்.

"அதெல்லாம் எதுவும் வேணாங்க. பெட்டிய மட்டும் குடுங்க."

"வீட்ல வச்சிருக்கீங்களா சார்?"

"எல்லாம் இருக்கு."

என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது. பழைய கம்ப்யூட்டரை எக்ஸ்சேஞ்சில் அவரிடமே தள்ளிவிட்டுத் திரும்பிய அன்று, காவிரிப் பாலத்தில் எனக்கு இருந்த தெம்பு அதற்குப் பிறகு வரவே இல்லை.

வீட்டில் என் மாமியார் லால்குடியிலிருந்து வந்திருந்தார். நான் பெட்டியைப் பிரிக்க பிளேடு எடுத்தேன்.

"மாப்ள, நாளைக்குப் பூஜை. புதுசா வாங்குனத பிரிக்காம அப்படியே சாமிகிட்ட வைப்போம். விஜயதசமியன்னிக்குப் பூஜை முடிச்சுட்டுப் பிரிச்சுக்கலாம்."

சரி என்றேன். இவ்வளவு ஆராய்ச்சி செய்தவன் எதற்காகத் திறந்து பார்க்க வேண்டும்? அவர் பெட்டியை வாங்கிப் பூஜை அலமாரியில் வைக்கப் போனவர், நின்றார்.

"இவ்வளவு லேசா இருக்கே. உள்ள எல்லாம் இருக்கா, பாத்தீங்களா?"

"அத்தை, டெக்னாலஜி வளர வளர எடை குறையும்" என்றேன். மேலும் பத்து நிமிஷம் அது பற்றி விளக்கினேன். அவர் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டார். பெட்டி கணக்குப் புத்தகங்களுக்கும் பேனா டேப்லெட்டுக்கும் நடுவே, மூன்று இடத்தில் சந்தனம் குங்குமத்தோடு ஒரு நாள் முழுக்க அமர்ந்திருந்தது.

விஜயதசமியன்று ஏழரை மணிக்குப் பூஜை முடித்து, பெட்டியைப் பிரித்தேன். உள்ளே இருந்த கறுப்புப் பெட்டியின் நெற்றியிலும் மாமியார் ஒரு பொட்டு வைத்தார். மானிட்டரில் இணைத்து சுவிட்சைப் போட்டேன். நீல விளக்கு எரிந்தது. விசிறி சத்தமே இல்லாமல் சுற்றியது. அதை நான் எல்லோருக்கும் சுட்டிக் காட்டினேன். திரையில் ஒன்றும் வரவில்லை.

"முதல் தடவ கொஞ்சம் நேரம் எடுக்கும்" என்றேன். இருபது நிமிஷம் எடுத்தும் வரவில்லை. ஒயரை மாற்றினேன், பிளக்கை மாற்றினேன், மானிட்டரைத் தட்டினேன். தேன்மொழி அட்டைப் பெட்டியைக் கையில் எடுத்து, அதன் பக்கவாட்டில் இருந்ததைப் படித்தாள். கேள்வித்தாளைப் படிக்கிற மாதிரி நிதானமாகப் படித்தாள்.

"பேர்போன்னா ராம் இல்ல, ஸ்டோரேஜ் இல்லன்னு போட்டிருக்குங்க. தமிழ்ல போடல, அதான் உங்களுக்குத் தெரியல போல."

கீழ்மூடியைக் கழற்றினேன். உண்மைதான். கம்ப்யூட்டரின் நினைவகமான ராம் போட இரண்டு பள்ளம், இரண்டும் காலி. எல்லாவற்றையும் சேமித்து வைக்கிற எஸ்.எஸ்.டி. இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு திருகாணி தனியாக நின்றிருந்தது. மாமியாரும் எட்டிப் பார்த்தார். பிறகு அதைக் கையில் தூக்கி இன்னொரு முறை எடை பார்த்தார்.

செல்வத்துக்கு ஃபோன் போட்டேன். "அன்னிக்கே கேட்டனே சார்" என்றார். ஆனாலும் வரச் சொன்னார். வண்டியை விரட்டிக்கொண்டு ஒன்பதேகாலுக்குக் கடை வாசலில் நின்றேன். ஷட்டர் பாதி திறந்திருந்தது. உள்ளே மேஜை மேல் சரஸ்வதி படம். படத்துக்கு முன்னால் ஸ்க்ரூ டிரைவர்கள், சால்டரிங் அயர்ன், ஒரு ராம், ஒரு எஸ்.எஸ்.டி., எல்லாம் குங்குமப் பொட்டோடு வரிசையாக இருந்தன. எனக்கு வேண்டிய இரண்டு பொருளும் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தன.

"எங்கப்பா வந்து பூஜை முடிச்சாதான் சார் எடுக்க முடியும். ராகு காலம் கழிச்சுத்தான் வருவார். அதுவரைக்கும் நாங்க ஒரு ஸ்க்ரூ கூடத் தொடமாட்டோம்."

"கப்போர்டுல வேற ராம் இருக்குமே?"

"சாவி சாமிகிட்ட இருக்கு சார்."

சாவிக்கும் பொட்டு வைத்திருந்தார்கள். நான் குரலைத் தாழ்த்தினேன். "என் பழைய கம்ப்யூட்டர்ல இருந்த ராமையாவது குடுங்க."

"அது நீட்டு ராம் சார், டெஸ்க்டாப்புக்கு. இதுக்கு லேப்டாப் ராம்தான் உக்காரும். அப்படியே போட்டாலும் விண்டோஸ் ஏத்த நேரம் ஆகுமே."

"விண்டோஸும் இல்லையா?"

செல்வம் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் கிடையாது. ஆஸ்பத்திரியில் டாக்டர் நோயாளியின் சொந்தக்காரர்களைப் பார்க்கிற பார்வை அது. ஒரு பாக்கெட் பொரி, இரண்டு வாழைப்பழம் கையில் கொடுத்து அனுப்பினார்.

திரும்பும் வழியெல்லாம் ஒரே நினைப்புதான். ஒன்பது வருஷ வேலையை விட்டுவிட்டு அவள் எடுக்கப்போகிற முதல் வகுப்பு. என்னிடம் கேட்டது ஒரே ஒரு பொருள். அதிலும் நான் வாங்கி வந்தது ஒரு டப்பா. உண்மையிலேயே அழுகை வந்தது. (பாலத்தில் காற்று அதிகம் என்று எனக்கு நானே சொல்லிச் சமாளித்தேன்.)

பத்தரைக்கு வீட்டில் நுழைந்தபோது தேன்மொழி பட்டுப் புடவையில் வெள்ளைப் பலகை முன்னால் நின்றிருந்தாள். நான் வெறும் பொரியோடு வந்ததைப் பார்த்தாள். மேஜையில் இருந்த கறுப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்து, அதன் மேல் தன் ஃபோனைச் சாய்த்தாள். எங்கள் மினி பி.சி. பார்த்த முதல் உத்தியோகம் அதுதான்.

பத்தே முக்காலுக்கு ஆறு பிள்ளைகளும் பெற்றோர்களும் சின்னச் சின்னக் கட்டங்களில் வந்து சேர்ந்தார்கள். எடுத்த எடுப்பிலேயே ஃபோன் வழுக்கி விழுந்தது. துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் எங்கள் வீட்டு மின்விசிறி தெரிந்தது. யாரோ ஒரு அப்பா தொண்டையைச் செருமினார். அவ்வளவுதான், முடிந்தது என்று நான் கதவோரம் ஒண்டினேன்.

தேன்மொழி விரலை மட்டும் அசைத்து என்னைக் கூப்பிட்டாள். ஃபோனை என் கையில் கொடுத்து, நெஞ்சு உயரத்தில் பிடிக்கச் சொன்னாள். ஃப்ரிட்ஜை ஒட்டி நின்று பிடித்தேன்.

"மிஸ், அந்தப் பொட்டு வச்ச பாக்ஸ் என்ன?" என்றது துபாயிலிருந்து ஒரு குரல். யாழினி என்ற ஏழாம் வகுப்புப் பெண்.

தேன்மொழி பெட்டியைக் கையில் எடுத்தாள். நடத்துவதாக இருந்தது வேறு பாடம். ஒரு நொடி யோசித்தாள், நான் பார்த்தேன்.

"இது ஒரு கம்ப்யூட்டர். இன்னிக்கு நமக்குப் பாடம் இதுதான்." மூடியைத் திறந்து கேமராவிடம் காட்டினாள். "இதுக்குள்ள இருக்கற ராம் எல்லாத்தையும் ஒரு செட்டா எழுதணும். எத்தனை இருக்கு?"

"ஒண்ணுமே இல்ல மிஸ்."

"ஒண்ணும் இல்லன்னா செட்டே இல்லையா?"

பிள்ளைகள் குழம்பினார்கள். இருக்கு என்றது ஒன்று, இல்லை என்றது ஒன்று. சிங்கப்பூர் அப்பா ஒருவரும் விவாதத்தில் இறங்கிவிட்டார். பலகையில் இரண்டு வளைவு அடைப்புகள் போட்டு, நடுவில் எதுவும் எழுதாமல் விட்டாள். "பெட்டி இருக்கு. உள்ள எதுவும் இல்ல. இதுதான் எம்ப்டி செட், வெற்றுக்கணம்." நாற்பது நிமிஷம் அந்தப் பெட்டியை வைத்தே நடத்தினாள். என் கை மரத்துப் போயிற்று, ஆனால் அசைக்கவில்லை. இவள் இப்படிப் பாடம் நடத்துவாள் என்று கல்யாணமான இந்தப் பதினொரு வருஷமாக எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று வெட்கமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது.

முடிக்கிற நேரத்தில் யாழினி கேட்டாள். "மிஸ், உள்ள ஒண்ணுமே இல்லன்னா ஏன் வாங்கினீங்க?"

"அத இப்ப ஃபோனப் பிடிச்சிட்டிருக்கற அங்கிள்கிட்டதான் கேக்கணும்."

ஃபோன் ஆடியதை எல்லோரும் பார்த்தார்கள்.

ஆறு பேரும் தொடர்ந்தார்கள். மறு வாரம் ஒன்பது பேரானார்கள். நான் அந்த வட்டாரத்தில் 'எம்ப்டி செட் அங்கிள்' ஆனேன். என்னுடைய சொந்தப் பெயர் அவர்களில் யாருக்கும் தெரியாது. லால்குடியில் யார் எது வாங்கினாலும், "மாப்ள மாதிரி இல்லாம, பிரிச்சுப் பாத்துட்டு சாமிகிட்ட வைங்க" என்கிறார் மாமியார்.

போன கோடை விடுமுறையில் யாழினி குடும்பம் பெருமாளைச் சேவிக்க ஸ்ரீரங்கம் வந்தது. வீட்டுக்கும் வந்தார்கள். செருப்பைக் கழற்றியதும் அவள் கேட்டது, "அங்கிள், அந்த எம்ப்டி செட்டப் பாக்கலாமா?"

"இப்ப அது எம்ப்டி இல்லம்மா" என்றேன் பெருமையோடு. "பதினாறு ஜி.பி. ராம், எஸ்.எஸ்.டி., விண்டோஸ், எல்லாம் போட்டாச்சு."

குழந்தையின் முகம் சுருங்கிவிட்டது. அவ்வளவு தூரம் பறந்து வந்தவள்.

சமையலறையிலிருந்து தேன்மொழி சொன்னாள். "கவலப்படாத யாழினி. அங்கிள் அப்படியேதான் இருக்காரு."

யாழினி சமாதானமாகி, என்னோடு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டாள்.