மருதோன்றியால் வந்த அம்மாள் வருத்தம்

தவராசா ஒரு பொய்யன். எனக்கு மாமன் மகன். பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்றவன். ஊரில் பெரிய மனிதன். அதற்கெல்லாம் உரிய மரியாதை உண்டு. ஆனாலும் பொய்யன்.

போன மாதம் எங்கள் பழைய பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் புளூக் காய்ச்சலையும் தடுப்பூசியையும் பற்றிப் பேச இவனைக் கூப்பிட்டார்கள். கழுத்தில் மாலையோடு மேடையில் நின்று, "உங்களைப் போலச் சின்னனாய் இருக்கேக்கை, ஊசி எண்டதும் முதல் ஆளாய்க் கையை நீட்டினனான்" என்றான். பிள்ளைகள் கை தட்டினார்கள். முன்வரிசைக் கதிரையில் இருந்த நான் தட்டவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

ஐம்பதுகளில் உலகம் முழுக்கச் சுற்றிய புளூ, கனகராயன்குளத்துக்கும் வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, காடு வெட்டி வயலாக்கிக்கொண்டிருந்த சனம் நாங்கள். வீட்டுக்கு வீடு ஆட்கள் படுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் பாதி வாங்குகள் வெறுமையாகக் கிடந்தன.

காய்ச்சல் எப்படி வருகிறது என்பதில் எங்கள் வகுப்பில் பல கட்சிகள். புளியம்பழம் தின்றால் வரும் என்றது ஒரு கட்சி. ரயிலில் வந்து மாங்குளத்தில் இறங்குகிறது என்றது இன்னொன்று. (இது அவ்வளவு பிழையில்லை என்று பிறகு தெரிந்தது.) தவராசாவின் கட்சிதான் பெரியது. காய்ச்சலை அரசாங்கமே ஊசிக்குள் அடைத்து அனுப்புகிறது என்றான். ஆதாரமும் வைத்திருந்தான்: முந்தின வருடம் ஊசி போட்ட எல்லாருக்கும் அன்றைக்கே காய்ச்சல் அடித்தது.

அந்த நேரம் பார்த்து, அப்போதிக்கரி, அதுதான் அரசாங்க ஆசுபத்திரி வைத்தியர், ஊசி போட வருகிறார் என்று தலைமை வாத்தியார் அறிவித்தார். வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குச் சனம் கூடப்போகிறது, அதற்கு முன் எல்லாருக்கும் நெருப்புக் காய்ச்சல் (டைபாய்டு) ஊசி. புளூவுக்கு ஊசி அப்போது எங்கள் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. இரண்டும் வேறு வேறு காய்ச்சல் என்று வாத்தியார் சொன்னார்தான். நாங்கள் கேட்டால்தானே? காய்ச்சல் என்றால் காய்ச்சல், ஊசி என்றால் ஊசி.

எனக்கு அந்தப் பொங்கல் உயிர். கும்பிடுவதற்கு அல்ல. பொங்கல் முடிய முல்லைத்தீவுக்குக் கூட்டிப்போய்க் கடல் காட்டுவதாக அப்பா சொல்லியிருந்தார். நான் இங்கேயே பிறந்தவள், குளம் பார்த்தவள், வாய்க்கால் பார்த்தவள், கடல் பார்த்ததில்லை. தவராசா யாழ்ப்பாணத்தில் பிறந்து கடலைப் பார்த்துவிட்டு வந்தவன். அதை வைத்தே என்னை மட்டந்தட்டுவான். காய்ச்சல் வந்தால் பொங்கலுக்குப் போகிற மாட்டு வண்டியில் ஏற்றமாட்டார்கள். ஊசி போட்டால் காய்ச்சல் வரும். ஆகவே ஊசி போடக் கூடாது. (ஒன்பது வயது மூளை அவ்வளவுதான் ஓடும்.)

வழி சொன்னவனும் அவன்தான். "அம்மாள் வந்திருக்கிற உடம்பிலை ஆரும் ஊசி குத்துவினமோடி?"

அம்மாள் வருத்தம் என்றால் அம்மை நோய்: கொப்புளிப்பான், சின்னமுத்து. எங்கள் சனத்துக்கு அது நோயில்லை. அம்மன் நேரே வந்து ஆளின்மேல் இருப்பது. வாசலில் வேப்பிலை கட்டுவார்கள். மருந்து கிடையாது, ஊசி என்ற கதையே கிடையாது. ஊசி நாள் காலையில், பள்ளிக்கூடம் போகிற வழியில், குளக்கட்டில் என்னை இருத்தி, அரைத்துக் கொண்டுவந்த மருதோன்றியை, அதுதான் மருதாணியை, ஈர்க்கால் தொட்டு என் முகமெல்லாம் புள்ளி வைத்தான்.

"உனக்கு வைக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"முதல் உனக்குப் பிடிக்குதோ எண்டு பாப்பம்."

வெயிலுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு, அது காயும்வரை வாய் திறக்காமல் இருந்தேன். என் வாழ்நாளில் நான் வாய் மூடியிருந்தது அன்றைக்கு மட்டும்தான்.

பிடித்தது. நன்றாகவே பிடித்தது. பள்ளிக்கூட வாசல் படலையடியில் என்னைக் கண்ட வாத்தியார் பின்வாங்கிக் கையெடுத்துக் கும்பிட்டார். (அதுவரை அந்தக் கையில் பிரம்பைத்தான் கண்டிருக்கிறேன்.) ஒருவரையும் தொடாமல் வீட்டுக்குப் போகச் சொன்னார். அப்போதிக்கரியின் கண்ணில் நான் படவேயில்லை. வெற்றியோடு திரும்பினால், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பாலை மரத்தில் இரண்டு கால்கள் தொங்கின. முதல் ஆளாகக் கையை நீட்டிய வீரன், பாலைப்பழம் தின்றுகொண்டிருந்தான்.

அன்று பின்னேரம் எனக்குக் காய்ச்சல் அடித்தது. ஊசி போடாத எனக்கு, அசல் புளூ. வகுப்பில் யாரிடமிருந்தோ முன்பே வாங்கி வைத்திருக்கிறேன். முகத்தில் புள்ளி, உடம்பில் அனல். அம்மாவுக்கு வேறென்ன வேண்டும்? வாசலில் வேப்பிலை ஏறியது. வீட்டில் மீன் மச்சம் நின்றது, தாளிதம் நின்றது, அண்ணன்மாரின் கேலி பகிடியும் நின்றது. அம்மாள் இறங்கும்வரை முகம் கழுவக் கூடாது என்றார்கள். மருதோன்றி இறங்குமா? நாளுக்கு நாள் கறுத்தது.

வண்டி புறப்படும் நாள் நெருங்க, பயத்தில் உண்மையைச் சொல்லிவிட்டேன். "அம்மா, இது அம்மாள் இல்லை, மருதோன்றி. தவராசா வைச்சவன்."

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு அப்பாவைப் பார்த்தார். "பிள்ளை காய்ச்சலிலை புசத்திறாள்."

"நான் புசத்தேல்லை. எனக்குக் கடல் வேணும்" என்று கத்தினேன்.

கத்தியதுதான் பிழை. வற்றாப்பளையில் அம்மனுக்குக் கடல்நீரில் விளக்கெரிப்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். அம்மா என் கால்மாட்டில் விழுந்தார். "தாயே, கடல்தண்ணியோ கேக்கிறாய்? கொண்டுவந்து தாறம்."

அதற்குப் பிறகு நான் வாய் திறந்தால் அம்மாள் பேசுவதாகவே கணக்கு. தண்ணீர் கேட்டால் கும்பிட்டார்கள். தவராசாவை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அம்மாள் அந்தப் பொடியன்மேல் கோபமாக இருக்கிறா என்று அவன் பெயருக்கு ஒரு தேங்காய் நேர்ந்து வைத்தார்கள்.

வண்டி போனது. அம்மா என்னோடு நின்றார். வண்டியில் என் இடத்தில் தவராசா இருந்து போனான். திரும்பி வந்த அப்பா, கழுவிய சாராயப் போத்தலில் கடலை நிரப்பிக் கொண்டுவந்து, பயபக்தியோடு என் முன்னால் வைத்தார். கொஞ்சம் கலங்கல், அடியில் மணல். நான் விம்மி விம்மி அழுதேன். அம்மாள் மனம் குளிர்ந்துவிட்டா என்றார் அம்மா.

அலை எப்படி இருக்கும் என்று தவராசாவிடம் கேட்டேன், வெட்கங்கெட்டு. "போத்தலை ஆட்டிப் பாரடி, வரும்" என்றான். அவன் போன பிறகு ஆட்டிப் பார்த்தேன்.

ஊசி போட்ட பிள்ளைகளுக்கும் புளூ வந்தது. நெருப்புக் காய்ச்சல் ஊசி புளூவை ஏன் மறிக்கப்போகிறது? ஆனால் வகுப்பில் தவராசாவின் கொள்கை வென்றுவிட்டது. பெரிய வகுப்புப் பிள்ளைகள்கூட அவனிடம் யோசனை கேட்டார்கள். அந்த ஞானியைத்தான் பிறகு அரசாங்கம் சுகாதாரப் பகுதியில் சேர்த்துக்கொண்டது.

அசல் கடலை நான் கலியாணம் கட்டிய பிறகுதான் கண்டேன். இன்றைக்கும் என் பேரப்பிள்ளைகள் முல்லைத்தீவுப் பக்கம் போனால், "அம்மம்மா, கடல் எத்தினை போத்தல் வேணும்?" என்று கேட்டுவிட்டுத்தான் படலையைத் தாண்டுவார்கள்.

நான் ஊசிக்கு எதிரியில்லை. மகள் கூட்டிப்போகப் புளூ ஊசி போட்டுக்கொள்கிறேன், நோகும், போட்டுக்கொள்கிறேன். தவராசாவையும் வரச்சொல்லிக் கூப்பிட்டால், ஒவ்வொரு முறையும் அன்றைக்குப் பார்த்து அவனுக்குத் தடிமன், மூக்கு ஒழுகும். பயந்த பிள்ளைகளுக்கு வீரன் கதை எதற்கு? தானும் பயந்தவன் என்று ஒரு பெரிய மனிதன் சொன்னால் அதுதான் அதுகளுக்குத் துணிவு.

தவராசா, பரிசளிப்பு விழாவுக்கும் உன்னைத்தான் அழைத்திருக்கிறார்கள். அதே மேடை, அதே பிள்ளைகள். சட்டைக் கையை மடித்துவிட்டு, ஒலிவாங்கியில் எல்லாருக்கும் கேட்கச் சொல்: உன் சீவியத்தில் ஒரு புளூ ஊசியாவது போட்டிருக்கிறாயா, இல்லையா?