கர்த்தருக்குக் கொடுத்த ஜீப் எங்கள் வாசலில் நிற்பது குறித்து

சேலையூர்,
புதன்கிழமை.

அன்பும் மரியாதையும் உள்ள ஏசுபாதம் மாமாவுக்கு, தங்கை மகள் ஹெப்சி எழுதுவது.

முதலில், கடிதம் எழுதுவதற்கே மன்னித்துக்கொள்ளுங்கள். நம் குடும்பத்தில் யாராவது கடிதம் எழுதினால் யாரோ இறந்துவிட்டார்கள் என்று அர்த்தம். இங்கே யாரும் இறக்கவில்லை. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள், ஜெபின் அண்ணனும் அண்ணியும் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள், எனக்கு "நல்லா இருக்கேன் மாமா" என்பதற்கு மேல் குரல் வராது. வாட்ஸாப்பில் அனுப்பினால் மாலைக்குள் குடும்பக் குரூப்பில் இருக்கும். அதனால் கூரியர். உங்களுக்கு ஓசூர்க் குளிர் ஒத்துக்கொண்டதா, அத்தையின் முழங்கால் வலி குறைந்ததா? இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் கர்த்தர் கிருபையால் சுகம். ஜீப்பும் சுகம்.

எனக்கு வேலை கிடைத்ததை அம்மா சொல்லியிருப்பாள். ஜவ்வாது மலையில் சாமை, தினை பயிரிடும் ஊர்களுக்குப் போய், யார் வீட்டில் என்ன விதை மிச்சம் இருக்கிறது என்று பார்த்து எழுதும் வேலை. நான் படித்த தாவரவியலுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இனி வராது. ஒன்றாம் தேதி சேர வேண்டும். வேலை உத்தரவில், சொந்த வாகனம் இருந்தால் நல்லது என்று ஒரு வரி இருந்தது. அப்பா அந்த ஒரு வரியைத்தான் படித்தார். "ரோடே இல்லாத ஊருக்கு எதுல போவ? பறந்தா?" என்றார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். "சாப்டியா?" என்றார். எங்கள் வீட்டில் அப்படிக் கேட்டால் பேச்சு முடிந்தது என்று பொருள். குடும்பத்தில் டிகிரி வாங்கிய முதல் ஆள் என்று தெரு முழுக்கக் கேக் கொடுத்தவர், அந்த டிகிரி தாம்பரத்தைத் தாண்டிப் போகும் என்று நினைக்கவில்லை போலிருக்கிறது. அது இருக்கட்டும். நான் எழுத வந்தது ஜீப்பைப் பற்றி.

அது உங்களுக்கு வந்த கதையை நீங்கள் சொல்வது ஒரு விதம், அத்தை சொல்வது ஒரு விதம். அத்தை சொல்வது இது. ஜெபின் அண்ணனுக்குப் பெண் பார்க்க ஓலக்கூர் பக்கம் போனீர்கள். பெண்ணுக்கு விருப்பமில்லை என்பது அவள் காப்பி டம்ளரை வைத்த விதத்திலேயே தெரிந்துவிட்டது. அதைச் சொல்ல அவள் அப்பாவுக்குச் சங்கடம், கேட்க உங்களுக்குச் சங்கடம். பேச ஏதாவது வேண்டுமே என்று நீங்கள் வாசலில் நின்ற ஜீப்பைப் பார்த்து, "வண்டிய நல்லா வெச்சிருக்கீங்க" என்றீர்கள். ஏதாவது ஒன்றுக்குச் சம்மதம் சொல்லக் கிடைத்த நிம்மதியில் அவரும், "புடிச்சிருந்தா எடுத்துக்குங்க சம்பந்தி" என்றுவிட்டார். சம்பந்தி என்று ஒருவர் வாய்தவறிச் சொன்ன பிறகு எதையும் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? பெண் பார்க்க வாடகைக் காரில் போன நீங்கள் சொந்த ஜீப்பில் திரும்பி வந்தீர்கள். பிறகு அந்தப் பெண்ணின் கல்யாணத்துக்கும் அதிலேயே போய் வந்தீர்களாம்.

அது பெருங்களத்தூர் சிக்னலில் நின்றுபோன கதையில் மட்டும் உங்கள் இருவருக்கும் வித்தியாசமில்லை. பின்னால் பஸ்கள், லாரிகள். பச்சை விழுந்து, சிவப்பு விழுந்து, மறுபடி பச்சை விழுந்தது. நீங்கள் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து, "ஆண்டவரே, இது இப்ப ஸ்டார்ட் ஆச்சுன்னா இத உமக்கே குடுத்துடறேன்" என்று பொருத்தனை செய்தீர்கள். அந்த நொடியே ஸ்டார்ட் ஆகிவிட்டது. வண்டி கிளம்பியதற்கு நன்றியாக அந்த வண்டியையே கொடுத்தவர் வேறு யாரும் இருப்பார்களா என்று தெரியவில்லை. போன வருஷம் ஓசூருக்குக் குடிபோகும் முன், ஜீப்பைச் சபை வளாகத்தில் மணிக்கூண்டு ஓரம் நிறுத்தி, சாவியை ஆயர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டீர்கள். ஆயரின் முகத்தை நான் பார்த்தேன். கோழியும் பூசணிக்காயும் ஒரு தடவை ஆட்டுக்குட்டியும் வாங்கிப் பழகிய முகம் அது. ஜீப்புக்கு என்ன ஜெபம் செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. "கேட்டா மச்சான் மனசு கஷ்டப்படுவாரு" என்று அப்பா அம்மாவைச் சொல்ல விடவில்லை. வீடியோ கால் வரும்போதெல்லாம் அம்மா சமையலறைக்குள் ஓடிப்போய்ப் பேசுவதற்குக் காரணம் சமையல் அல்ல. வாசல் படத்தில் விழக்கூடாது என்பதுதான்.

அறுப்பின் பண்டிகை ஏலம் நம் சபையில் எப்படி நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காணிக்கையாக வந்ததையெல்லாம் ஏலம் விடுவார்கள்; ஏலத்தில் எடுத்ததை வீட்டுக்குக் கொண்டுபோவது மரியாதையில்லை. எடுத்தவர் எழுந்து, "திரும்பக் குடுக்கறேன்" என்பார்; எல்லோரும் கைதட்டுவார்கள்; அதே பொருள் மறுபடி ஏலத்துக்கு வரும். ஒரே பூசணிக்காய் மத்தியானம் வரை சுற்றும். அப்பா வருஷா வருஷம் ஒரு வாழைத்தாரை எடுத்துத் திரும்பக் கொடுத்துக் கைதட்டு வாங்குகிறவர். போன வருஷம் ஏலத்துக்கு வந்த உங்கள் ஜீப்பையும் அவர் வாழைத்தாராகத்தான் பார்த்தார். முதலில் ஞானசௌந்தரி டீச்சர் எடுத்தார்கள். ரிட்டையர் ஆன தலைமையாசிரியை. அவர்கள் ஜீப்புக்குச் சொந்தக்காரராக இருந்தது ஒரு கீர்த்தனையின் பல்லவி பாடும் நேரம்தான். "திரும்பக் குடுக்கறேன்." கைதட்டு. பிறகு எங்கள் தெரு ஜான்சி அக்காவின் வீட்டுக்காரர். அவரும் கொடுத்தார், அவருக்கும் கைதட்டு. பிறகு அப்பா கையைத் தூக்கினார். எடுத்தார். எழுந்து நின்றார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "திரும்பக் குடுக்கறேன்" என்றார். எல்லோரும் பலமாகக் கைதட்டினார்கள், மாமா. அதற்குப் பிறகு ஒருவரும் கேட்கவில்லை. மழை தூற ஆரம்பித்திருந்தது, சாப்பாட்டுப் பந்தியில் இலை போட்டுவிட்டார்கள். "கேளுங்க, யாராச்சும் கேளுங்க, ஆண்டவர் பாத்துக்கினு இருக்காரு" என்று செயலாளர் மைக்கில் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். ஆண்கள் எல்லோரும் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடிவுப் பாட்டு எடுத்துவிட்டால் ஏலம் முடிந்தது; பாடி முடித்ததும் ஆயர் கண்ணை மூடி முடிவு ஜெபம் செய்து ஆமென் சொன்னார். கண்ணைத் திறந்தபோது ஜீப் எங்களுடையது.

அப்பாவுக்கு மொபெட் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது. ஜீப்பும் மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லை. அதனால் வாலிபர் சங்கத்துப் பையன்கள் கேம்ப் ரோட்டில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அப்பா முன்சீட்டில் மடியில் பைபிளோடு உட்கார்ந்திருந்தார். பண்டிகைக்குக் கட்டிய கரும்பும் மாவிலைத் தோரணமும் ஜீப்பில் அப்படியே இருந்தன. கிழக்குத் தாம்பரம் மார்க்கெட் அருகே பூ விற்கும் அம்மா எழுந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, "எந்தக் கோயிலு சாமி பா இது?" என்றார்.

"சாமி இல்லக்கா, ஜீப்பு" என்றான் ஒருவன்.

"உள்ள ஒருத்தர் குந்தினு கீறாரே?"

"அவுருதான் ஓனரு."

அந்த அம்மா அப்பாவைப் பார்த்துவிட்டு, ஒரு முழம் கதம்பத்தைக் கிள்ளி பானெட்டில் வைத்தார். அப்பா தலைகுனிந்து கும்பிட்டார். இது ஆயருக்குத் தெரியாது.

எங்கள் வாசலின் அகலம் உங்களுக்குத் தெரியும். ஜீப் பாதி கேட்டுக்கு உள்ளே, பாதி தெருவில். பக்கவாட்டில் நுழைய இடமில்லாததால் நாங்கள் ஒரு வருஷமாக ஜீப்பின் பின்பக்கம் ஏறி, முன்கதவு வழியாக இறங்கித்தான் வீட்டுக்குள் போகிறோம். வருகிற விருந்தாளிகளும் அப்படியே. சிலர் நடுவில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு இறங்குகிறார்கள். பால்காரர் பாக்கெட்டை டிரைவர் சீட்டில் வைக்கிறார். அம்மா பானெட்டில் மிளகாய் காயவைக்கிறாள், வெயில் அங்கேதான் நன்றாக விழுகிறதாம். தெருநாய் ஒன்று அடியில் குட்டி போட்டு, நாங்கள் வீட்டுக்குள் போவதற்கு ஒரு வாரம் அதனிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டு ஸ்ரீநிவாசராகவன் சார் மட்டும் அவ்வப்போது வந்து, "ஒரு சின்ன வேண்டுகோள், தப்பா எடுத்துக்கப்படாது" என்று தொடங்கி, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதை எல்லாம் சொல்லிவிட்டுப் போவார்.

இதற்கு நடுவில் ஓர் அதிசயமும் உண்டு. அப்பா திருமுடிவாக்கத்தில் ஷிஃப்ட் முடிந்து வரும்போது சில நாள் ஜீப்பின் முகம் தெருவைப் பார்த்திருக்கும், சில நாள் வீட்டைப் பார்த்திருக்கும். முதலில் ஜெபம் செய்தார். பிறகு, சார்தான் ஆள் வைத்துத் திருப்புகிறார் என்று முடிவு செய்து அவர் வீட்டுக்கே போய்விட்டார். "எதுக்கு சார் வண்டியத் திருப்பறீங்க? உங்களுக்கு அதோட மூஞ்சி புடிக்கலியா?" என்று அப்பா கேட்க, சார் திருப்பவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் தன்னைப் பார்த்து ஒருவர் பயப்படுவது அவருக்குப் பிடித்துவிட்டது போலும். "எல்லாத்துக்கும் ஒரு லிமிட் இருக்கு" என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தினார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

கடைசியில் அப்பாவுக்கே அலுத்துவிட்டது. போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும், ஞானசௌந்தரி டீச்சர் முன்னால் ஆயரிடம், இந்த வருஷ அறுப்பின் பண்டிகைக்கு ஜீப்பைக் காணிக்கையாகக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டார். ஆயர் வானத்தைப் பார்த்தார். வருகிற ஞாயிறு ஏலம். நீங்கள் கர்த்தருக்குக் கொடுத்தது கர்த்தருக்கே போய்ச் சேரும், எங்களுக்கு வாசல் திரும்பக் கிடைக்கும், எல்லோருக்கும் நல்லது. வேறு யாராவது சொல்லி நீங்கள் வருத்தப்படக்கூடாது என்றுதான் எழுதினேன். நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. இதற்காக இவ்வளவு தூரம் வரவும் வேண்டாம்.

அத்தைக்கு என் அன்பைச் சொல்லுங்கள். ஜெபின் அண்ணனுக்கும் அண்ணிக்கும் எங்கள் விசாரிப்புகள். உங்கள் எல்லோரையும் கர்த்தர் சுகத்தோடும் சமாதானத்தோடும் வைத்திருப்பாராக.

என்றும் பணிவுள்ள,
ஹெப்சி

பி.கு.: ஜீப்பால் நாங்கள் படும் பாடு என்று மேலே எழுதியது எல்லாம் உண்மை. அது போனால் நல்லது என்று எழுதியது மட்டும் உண்மையில்லை. ஸ்ரீநிவாசராகவன் சாரும் எதையும் திருப்பவில்லை. திருப்பியது நான்.

என்னோடு கல்லூரியில் படித்த ஷபீனாவின் அப்பா கலீல் பாய், குன்றத்தூர் ரோட்டில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறார். ஜனவரியில் ஒருநாள் அப்பா ஷிஃப்டுக்குப் போன பிறகு அவர் வந்து, அம்மாவின் மிளகாயைப் பத்திரமாக ஓரமாக எடுத்து வைத்துவிட்டு பானெட்டைத் திறந்தார். வேறு பேட்டரி போட்டார், எதையோ கழற்றி ஊதி மாட்டினார். "வண்டி நல்லாத்தான் கீதும்மா. ஓட்டத்தான் ஆளில்ல" என்றார். ஷபீனா எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தாள். திரும்பி வந்து நிறுத்தும்போது எந்தப் பக்கமாக நுழைக்க முடிகிறதோ அந்தப் பக்கமாக நுழைப்பேன். அப்பா பார்த்த அதிசயம் அதுதான். அம்மாவுக்கு எல்லாம் தெரியும். நான் சாவியை எடுக்கும்போதெல்லாம் அவள் கேட்பது, "மொளகாய எடுத்துட்டியா?" என்பது மட்டும்தான். லைசென்ஸ் வாங்கிவிட்டேன். பெரிய கியருக்குப் பக்கத்தில் சின்னதாக இன்னொன்று இருக்கிறதே, அது எதற்கு என்று ஷபீனாவிடம் கேட்டேன். "அது மலை ஏறறதுக்குடி. தாம்பரத்துல தொடாத" என்றாள். நான் இன்னும் தொடவில்லை, மாமா.

எதில் போவாய் என்று அப்பா கேட்டதற்கு எனக்கு வாயால் பதில் சொல்ல வரவில்லை. ஜீப்பைக் காட்டிச் சொல்லலாம் என்று தைரியம் சேர்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவர் அதைக் காணிக்கை என்று அறிவித்துவிட்டார். கர்த்தருக்கு என்று சொன்னதை எனக்குக் கொடுங்கள் என்று கேட்க முடியாது. ஆனால் ஏலத்தில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். போன வருஷத்துக்குப் பிறகு ஆண்கள் ஒருவரும் கையைத் தூக்கமாட்டார்கள் என்று ஜான்சி அக்கா சொல்கிறார். டியூஷன் எடுத்துச் சேர்த்தது கையில் இருக்கிறது. நானே கேட்கப் போகிறேன். மாடியில் துணி காயப்போடும்போது சத்தமாகக் கேட்டுப் பழகிக்கொண்டிருக்கிறேன். நேற்று தண்ணீர் லாரிக்காரர் தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்து நிறுத்திவிட்டார், அந்த அளவுக்குக் குரல் வந்துவிட்டது.

கேட்க எனக்குப் பயமில்லை. எடுத்த பிறகு, அப்பா உட்பட எல்லோரும் என் பக்கம் திரும்பி, "திரும்பக் குடுக்கறேன்" என்று நான் சொல்வதற்காகக் காத்திருப்பார்களே, அதுதான் பயம். நம் சபையில் அந்த இடத்தில் யாரும் சும்மா நின்றதில்லை. அந்த மௌனத்தில் கொஞ்சம் கூடுதலாக நின்றால் நான் சொல்லிவிடுவேன் என்று எனக்கே தெரியும். சொல்லிவிட்டால், என்னை மலைக்கு அனுப்பாமலிருக்க அப்பாவே மறுபடி கையைத் தூக்கிவிடுவார்.

ஆகவே, வர வேண்டாம் என்று மேலே எழுதியதை அடித்துவிடுங்கள். ஞாயிறு காலை வந்துவிடுங்கள், மாமா. எனக்காக ஏலம் கேட்க வேண்டாம், அப்பாவிடம் பரிந்து பேசவும் வேண்டாம். ஆர்மோனியத்துக்குக் காத்திருக்காமல் நீங்கள் பாட்டை எடுத்துவிடுகிறீர்கள் என்றுதானே பாடகர் குழுவிலிருந்து உங்களை நிறுத்தினார்கள். அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டு நிற்கும்போது, யாரும் எதுவும் கேட்பதற்கு முன்னால், நீங்கள் பின்வரிசையிலிருந்து உங்கள் முழுக் குரலில் முடிவுப் பாட்டை எடுத்துவிட வேண்டும்.